ஆந்தைப் பெட்டியை இறக்காதே, மகனே

மகன் குமரேசனுக்கு அப்பா எழுதுவது. இங்கே பாடாங் செராயில் நான் சுகம், உன் அம்மா சுகம், பின்வாசல் வாய்க்காலில் குடியிருக்கும் உடும்பும் சுகம். நேற்றுக் காலையில் அது ஒரு பெருச்சாளியை உயிரோடு கவ்விக்கொண்டு வந்து, வாய்க்கால் சுவரில் நாலு அறை அறைந்து, தலையில் ஆரம்பித்து வால் வரைக்கும் விழுங்கியதைக் கையில் தேத்தண்ணிக் குவளையோடு நின்று பார்த்தேன். உடும்பு என்றால் சும்மா இல்லை. வாய்க்காலில் படுத்தால் தலை நம் வீட்டிலும் வால் பக்கத்து வீட்டிலும் கிடக்கும். உன் அம்மா இதைப் படித்துவிட்டு, "என் கை நீளம்தான் இருக்கும், எழுதறதையாவது ஒழுங்கா எழுதுங்க" என்கிறாள். அவள் கை கொஞ்சம் நீளம்தான்.

போனில் பேசாமல் இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று உனக்கு ஆச்சரியமாக இருக்கும். போனில் பேசினால் நான் நடுவில் ஏதாவது கதை விடுவேன், நீ சிரிப்பாய், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். முப்பது வருஷமாக அப்படித்தான் நின்றுகொண்டிருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் என் கையெழுத்தைப் பார்த்து, பெரிய வாத்தியாரே தன் கையெழுத்தை மாற்றிக்கொண்டார். அதனால் தைரியமாக எழுதுகிறேன். படித்து முடித்ததும் மருமகள் தேவிக்குப் படித்துக் காட்டு. உன் மாமியாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டு. ஃபாக்டரி பஸ்ஸில் உன்னோடு வரும் கூட்டாளிகளுக்குக் காட்டினாலும் எனக்கு வெட்கமில்லை. உண்மையில் வெட்கம் இருக்கிறது, ஆனாலும் காட்டு.

புதன்கிழமை நீ போன் பண்ணினாய். "அப்பா, ஞாயித்துக்கிழமை தேவிக்கு வளைகாப்பு, வெள்ளனவே வந்துடுங்க. வரும்போது குலை வெட்டுற அரிவாளைக் கம்பத்தோட கொண்டாங்க. பின்னால நிக்கிற அந்தப் பெட்டியை இறக்கணும்" என்றாய். எதற்கு என்று கேட்டேன். "ஆந்தைப்பா. மூணு குஞ்சு வேற பொரிச்சிருக்கு. நான் நைட் ஷிஃப்டு போயிட்டா தேவி தனியா இருக்கா. அது கத்துற கத்துல அவளுக்கு உதறுது. சடங்குக்கு முன்னாடி சாக்குருவியை ஒழிச்சாத்தான் புள்ளைக்கு நல்லதுன்னு அத்தை பிடிவாதமா நிக்கிறாங்க. நீங்கதான் எனக்காக நாகப்பாம்பையே வெட்டுனவராச்சே" என்றாய். நான் என்ன சொன்னேன்? "வரேண்டா, ஒரே வெட்டு" என்றேன். பழக்கதோஷம். யாராவது என்னைப் பாராட்டினால் என் வாய் என்னைக் கேட்காமலே சரி சொல்லிவிடுகிறது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் உன் அம்மா நிற்கிறாள். உன் பழைய தொட்டில் துணியை அலமாரியில் இருந்து எடுத்து, என் மடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்தத் துணிக்கு வருகிறேன். அதற்கு முன்னால் உன் வீட்டுக் கம்பத்தைப் பற்றி உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. கூலிமில் நீ வாங்கியிருக்கும் அந்த மூலை வீடு, வீடுகள் கட்டித் தாமானாக மாறுவதற்கு முன்னால் எண்ணெய்க்குப் பழம் வெட்டுகிற செம்பனைத் தோட்டம். செம்பனைப் பழத்துக்கு எலி என்றால் கல்யாண வீட்டுக்கு வரும் சொந்தக்காரன் மாதிரி, கூப்பிடாமலே குடும்பத்தோடு வந்துவிடும். அதனால்தான் தோட்டத்து நிர்வாகம் கம்பம் நட்டு, பலகையில் பெட்டி அடித்து, ஆந்தை வந்து குடியிருக்கட்டும் என்று வைத்தது. ஒரு ஜோடி ஆந்தைக்குக் குஞ்சு இருந்தால், ஒரே ராத்திரியில் கொண்டுவரும் எலிகளை நீ எண்ண உட்கார்ந்தால் தூங்கிவிடுவாய். தோட்டம் போச்சு, மரம் போச்சு, உன் வீட்டுக் கொல்லையில் அந்த ஒரு கம்பம் மட்டும் தப்பிவிட்டது. அது பேயோ பிசாசோ வைத்த பெட்டி இல்லை, துரைமார் வைத்த பெட்டி.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேள். நம் பழைய தோட்டத்தில் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இருபது எட்டில் இப்படி ஒரு கம்பம் நின்றது. நம் அடுப்படிக் கதவைத் திறந்தால் நேர் எதிரே பெட்டியின் வாய். அப்போது உன் அம்மா வயிற்றில் நீ ஏழு மாசம். உனக்கு முன்னால் ஒன்று வந்து, மூச்சு விடாமலே போய்விட்டது என்பது உனக்குத் தெரியும். அதனால் நான் அந்த மாசங்களில் நிழலைப் பார்த்தாலும் பயந்தேன். வெளியே காட்டமாட்டேன். தோட்டத்தில் என்னைப் போல் குலை வெட்டுகிறவன் கிடையாது, நான் வெட்டிய குலை விழுகிற சத்தம் கூலிமில் கேட்கும், அப்படிப்பட்டவன் பயந்தான் என்று யாராவது சொல்லலாமா? ஆனால் அந்த வெள்ளை மூஞ்சிப் பறவை துணியைக் கிழிப்பது மாதிரிக் கத்தும்போது என் முதுகுத்தண்டு தனியாகக் கழன்று ஓடும். உன் அம்மாவுக்குப் பயமே இல்லை. "அது பாட்டுக்குக் கத்துது, நீங்களும்தான் குறட்டை விடுறீங்க" என்பாள்.

ஒருநாள் துணி காயப்போடும் கொடிக்குக் கீழே, அவள் சேலைக்கு நேர் அடியில், ஒரு சாம்பல் நிற உருண்டை கிடந்தது. விரலால் பிரித்தேன். உள்ளே முடி, சின்னச் சின்ன எலும்பு, பல்லோடு ஒரு தாடை. எங்களை வேலை வாங்குகிற பக்கத்து வீட்டு மண்டோர் மாரிமுத்துவிடம் கொண்டு போய்க் காட்டினேன். அவர் அதை ஒரு குச்சியால் புரட்டிப் பார்த்து, "செய்வினைடா தம்பி. உன் பெண்டாட்டி வயித்துக்கு வச்சிருக்கான். அந்தச் சாக்குருவி வாய் வழியா அனுப்பியிருக்கான்" என்றார். செய்வினை வைக்கிற அளவுக்கு எனக்கு எதிரிகள் இருக்கிறார்கள் என்று உள்ளே கொஞ்சம் பெருமைகூட வந்தது. ஆந்தை எலியை முழுசாக விழுங்கி, செரிக்காத எலும்பையும் முடியையும் உருண்டையாகக் கக்கும் என்று அன்றைக்கு எனக்கும் தெரியாது, மண்டோருக்கும் தெரியாது. மண்டோருக்குத் தெரியாதது எதுவும் தோட்டத்தில் இல்லை என்று நாங்கள் எல்லாரும் நம்பிய காலம்.

மறுநாள் உச்சி வெயிலில் வேலை முடிந்து வந்தவன் அரிவாளைக் கம்பத்தோடு தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். பெட்டியின் வாயில் அரிவாளை மாட்டி, குலையை இழுப்பது போல் ஒரே இழுப்பு. ஆணி கிறீச்சென்று கத்தியது. பெட்டி தலைகீழாக விழுந்து பிளந்தது. தாய்ப் பறவை வெயிலில் கண் கூசி மல்லாந்து விழுந்து, இரண்டு காலையும் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நகத்தை விரித்தது. நான் குனிந்தேன். ஒரு நகம் என் வலது முன்கையில் இறங்கி, எலும்பு வரைக்கும் கீறிக்கொண்டு போனது. காட்டுப்பன்றி கிழித்தது என்று உன் கூட்டாளிகளிடம் சட்டையைச் சுருட்டிக் காட்டுவேனே, அந்தத் தழும்பு அதுதான். பன்றி இல்லை. வெறி பிடித்துப் போய்க் கட்டையை எடுத்து அடித்தேன். முதல் அடியில் இறக்கை முறிந்தது. இரண்டாவது அடி தலையில். அதற்கப்புறமும் அடித்தேன், எத்தனை என்று தெரியாது. மூன்று குஞ்சுகள் உடைந்த பலகைக்குள் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு பாம்பு மாதிரிச் சீறின. வெள்ளைப் பஞ்சு உருண்டைகள். அதுவும் பேயின் வேலை என்று நினைத்து, பூட்ஸ் காலால் மிதித்தேன். மூன்றையும். மிதிக்கும்போது கேட்ட சத்தத்தை எழுத எனக்கு ஆறாம் வகுப்புப் படிப்பு போதாது.

நிமிர்ந்தால் அடுப்படி வாசலில் உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "குஞ்சுங்களையுமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அன்றைக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு, நான் சாப்பிடும்போது பக்கத்தில் உட்காரவில்லை. ஆண் பறவை நாலு சாயங்காலம் அந்த மொட்டைக் கம்பத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. வாயில் எலி தொங்கும். கொடுக்க ஆள் இல்லாமல் அதை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். ஐந்தாம் நாள் வரவில்லை. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வந்து, பெட்டி எங்கே என்று கேட்டபோது, புயலில் விழுந்துவிட்டது என்றேன். அந்த மாசம் ஒரு இலை அசைகிற அளவுக்குக்கூடக் காற்று இல்லை. கிராணி வானத்தை ஒருதரம் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போனார்.

நீ பிறந்தாய். நல்லபடியாகப் பிறந்தாய். பார்த்தாயா, சாக்குருவியைக் கொன்றதால்தான் என் பையன் தங்கினான் என்று தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உனக்கு இரண்டு மாசம் ஆகும்போது எலி வந்தது. ஒன்று இரண்டு என்று நினைக்காதே. கூரை வழியாக, சாக்கடை வழியாக, பட்டப்பகலில் வரிசை கட்டி வந்தது. அரிசியைத் தின்றது, சவர்க்காரத்தைத் தின்றது, அந்த பூட்ஸையும் தின்றது. நான் யுத்தத்தில் இறங்கினேன். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் உலக்கையால் நாற்பது எலியை நசுக்கினேன். உன் அம்மா எட்டிப் பார்த்து, "பதினொண்ணு" என்கிறாள். பதினொன்று என்றே வைத்துக்கொள், ரத்தம் என்னவோ நாற்பதுக்குத் தெறித்தது. பொந்தில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினேன். சாக்கடை ஓரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன். எலி நெருப்போடு ஓடிப் போய்க் கோழிக்கூண்டுக்குள் நுழைந்தது. ஏழு கோழியும் சேவலும் உள்ளேயே வெந்துபோயின. மண்டோர் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து, "என்ன தம்பி, விருந்தா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கடைசியில் கருவாட்டில் விஷம் வைத்தேன். விஷம் தின்ற எலியை நம் நாய் தின்றது. வாயில் நுரை தள்ளி, அது என் காலடியிலேயே இழுத்துக்கொண்டு கிடந்து செத்தது. எலி குறையவில்லை.

இனிமேல் எழுதப்போவதில் கூட்டல் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் உன் அம்மா உனக்குப் பால் கொடுத்துத் தொட்டிலில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். "பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் முன்வாசலில் மண்டோரிடம் என் எலி வேட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பால் உன் வாயோரத்தில் வழிந்து, கன்னத்தில் இறங்கி, இடது காது வரைக்கும் போயிருக்கிறது. நீ வீறிட்டாய். குழந்தை பசிக்கு அழுகிறது என்று நினைத்து, கையில் இருந்த கதையை முடித்துவிட்டு உள்ளே போனேன். தொட்டில் துணியெல்லாம் சிவப்பு. உன் காதோடு ஒரு எலி தொங்கிக்கொண்டிருந்தது. கையால் பிடித்து இழுத்தேன். இழுத்தபோது காதின் மேல் நுனியும் அதோடு போய்விட்டது. சுவரில் அடித்துக் கொன்றேன். கொன்று என்ன? நீ மூச்சுப் பிடித்து நீலமாகப் போய்க்கொண்டிருந்தாய்.

நாகப்பாம்பு எங்கே என்றுதானே கேட்கிறாய். உன் தொட்டில் மேல் படம் எடுத்து ஆடிய நாகம், நான் வீசிய அரிவாள், பாம்பின் தலையோடு கொஞ்சம் காதும் போன கதை, உன் கல்யாணத்தில் பெண் வீட்டார் முன்னால் நீயே காதைக் காட்டிச் சொன்னாயே, அந்த நாகம் இல்லவே இல்லை. குளித்துக்கொண்டிருந்த அம்மா உன் சத்தம் கேட்டு ஓடி வந்து, உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். லயத்து ஆட்கள் ஓடி வருகிற சத்தம் கேட்டது. பெட்டியை நான் இறக்கியது பாதிப் பேருக்குத் தெரியும். எலி கடித்தது என்று தெரிந்தால் கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்? பின்வாசலில் விறகு அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு சாரைப்பாம்பு கிடந்தது. எலி தின்ன வந்த பாம்பு. யாரையும் ஒன்றும் செய்யாத ஜென்மம். வெட்டினேன். வெட்டிவிட்டுத் தலையைக் கல்லால் நசுக்கினேன். ஏன் நசுக்கினேன் தெரியுமா? படம் இல்லாத தலை என்று யாரும் பார்த்துவிடக் கூடாது என்று. அரிவாளில் பாம்பைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். மண்டோர் பாம்பைப் பார்த்தார், துணியில் ரத்தத்தைப் பார்த்தார், "டேய், நாகமாடா?" என்றார். "ஆமா அண்ணே" என்றேன். ஒரே வார்த்தை. மிச்சத்தை அவரே எல்லாருக்கும் சொன்னார். உன் அம்மா ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் எலி என்றாள், ஊசி போட்டார்கள். தோட்டத்தில் கேட்டவர்களுக்கு, "அவரைக் கேளுங்க" என்றாள். அன்றிலிருந்து இன்று வரைக்கும் அவள் சொன்ன பதில் அதுதான்.

ஆகவே மகனே, உனக்காக நான் பாம்பை வெட்டவில்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ள வெட்டினேன். அந்தப் பெட்டியை நான் விட்டுவைத்திருந்தால், உன் காதைக் கடித்த எலியை அந்த ஆண் ஆந்தை எப்போதோ தூக்கிக்கொண்டு போயிருக்கும். நீ கோபப்படு. அடுத்த தரம் பார்க்கும்போது என்ன வேண்டுமானாலும் சொல், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் என் பொய்யை நம்பி அதே அரிவாளை அதே பெட்டிக்குக் கொண்டுவரச் சொல்கிறாய் பார், அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

தோட்டத்தை விட்டு இங்கே வீடு வாங்கி வந்த புதிதில், நானும் உன்னைப் போலத்தான் எதையும் விட்டுவைக்கக் கூடாது என்று கொல்லை முழுக்க சிமெண்டு போட ஆள் கூட்டி வந்தேன். உன் அம்மா, "போடுங்க, போட்டுட்டு அதுமேலயே நீங்களும் படுத்துக்குங்க" என்றாள். விட்டுவிட்டேன். முதலில் தவளை வந்தது, தவளைக்குப் பாம்பு வந்தது, பாம்பு முட்டைக்கு உடும்பு வந்தது. பப்பாளி மரத்தில் உச்சிப் பழத்தை மூசாங் மரநாய்க்கென்று விட்டுவைக்கிறேன். அது தின்கிற மிச்சத்துக்கு மைனாக்கள் அடித்துக்கொண்டு சாகும். ஒரு கண்ணில்லாத மைனா ஒன்று இருக்கிறது, ரவுடி, மற்றதெல்லாம் அதைக் கண்டால் ஒதுங்கும். செண்பகப் பறவை வந்து ஓணானைக் கிழிக்கும். என் கொல்லையில் தினமும் கொலை விழுகிறது, நான் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறேன். முன்பெல்லாம் எல்லாக் கொலையையும் நானேதான் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். இப்போது அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், என்னைவிட நன்றாகச் செய்கிறார்கள், தேவைக்கு மேல் ஒன்றுகூடச் செய்வதில்லை. உனக்குச் சொல்வது இதுதான். எலிப்பாஷாணம் வாங்காதே, அதைத் தின்ற எலியைத் தின்று ஆந்தையும் சாகும். வேலியோரப் புல்லை ஒரு முழம் விட்டுவை. ஒரு பழைய சட்டியில் தண்ணீர் வை, கொசு முட்டை வைக்காமல் தினமும் மாற்று. தேவி பயந்தால் பகலில் அவளைக் கூட்டிப் போய், கம்பத்துக்குக் கீழே விழுந்திருக்கிற உருண்டை ஒன்றைப் பிரித்துக் காட்டு. எலித் தாடை தெரியும். இத்தனை தாடையும் வீட்டுக்குள் வராமல் இங்கே கிடக்கிறது என்று சொல்.

உன் மாமியாரிடம் நான் பேசுகிறேன். சம்பந்தியம்மா, இதை உங்கள் மாப்பிள்ளை சத்தமாகத்தான் படித்துக்கொண்டிருப்பான் என்று நினைக்கிறேன். நீங்கள் பெண்டாங் வயல்காட்டில் பிறந்து வளர்ந்தவர். உங்கள் வீட்டுக்கு எதிர் வயலிலேயே இதே பெட்டி கம்பத்தில் நிற்கிறது, பெண் பார்க்க வந்தபோது என் கண்ணால் பார்த்தேன். அந்த ஆந்தை காத்த வயலில் விளைந்த நெல்லைத் தின்று வளர்ந்த பெண்தான் தேவி. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லையே. இதற்கு மேலும் பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஞாயிற்றுக்கிழமை நான் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என்னோடு சேர்த்து இறக்கச் சொல்லுங்கள். என் எடை என்னவென்று உங்களுக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனவே வருவேன் மகனே. அரிவாள் வராது. ஒரு முழத் தகரமும் ஆணியும் கொண்டுவருகிறேன், பாம்பும் மூசாங்கும் ஏறிக் குஞ்சைத் தூக்காமல் கம்பத்தைச் சுற்றி அடித்துவிடலாம். நீ ஏணியைப் பிடி. உன் அம்மா அந்தத் தொட்டில் துணியைக் கொண்டுவருகிறாள். எத்தனை தரம் துவைத்தும் ஒரு ஓரத்தில் பழுப்புக் கறை போகவில்லை. குழந்தைக்குப் போட வேண்டாம், பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொள்.

குழந்தை பிறந்த பிறகும் அது கத்தும். துணியைக் கிழிப்பது மாதிரிதான் கத்தும், உனக்கும் தூக்கம் கலையும். கலைந்தால் எழுந்து போய்க் குழந்தையின் காதைத் தொட்டுப் பார். இரண்டும் முழுசாக இருந்தால், திரும்பி வந்து படுத்துக்கொள்.

உன் அப்பா